ஊசி படாத கிடா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். பொய்யில்லை. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரன், மேலதிகாரி, யாரையும் விட்டதில்லை. ஆனால் கோபப்பட வேண்டிய ஒரு நாளில் நான் பல்லை இளித்துக்கொண்டு மோர் குடித்துவிட்டு வந்தேன். அந்த மோர் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

1974-ஆம் வருஷம். நான் கவரைப்பேட்டைப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். பெயர் பூவராகவன். அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. 'மாட்டுக் கம்பவுண்டர்' என்பார்கள். பன்னிரண்டு ஊருக்கு ஒரே ஆள். ஒரு சைக்கிள், ஒரு ஊசிப் பெட்டி, ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்க். இதுதான் என் ராஜ்ஜியம்.

அந்த வைகாசித் தொடக்கத்தில் ஆரணி ஆற்றங்கரையில் மேய்ந்த இரண்டு ஆடுகள் அடுத்தடுத்துச் செத்தன. காலையில் நன்றாக மேய்ந்தவை, மத்தியானம் காலை உதறிக்கொண்டு விழுந்தன. மூக்கிலிருந்து வந்த ரத்தம் கறுப்பாக இருந்தது, உறையவே இல்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடைப்பான் நோய், இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ். ஆட்டோடு போய்விடுகிற சீக்கு இல்லை அது. உரித்தவனுக்கு வரும், தின்றவனுக்கு வரும், கையில் சின்னக் கீறல் இருந்து ரத்தத்தைத் தொட்டவனுக்கும் வரும். சிந்திய மண்ணில் அந்தக் கிருமி வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்கும். கொதிக்க வைத்தாலும் முழுதாகச் சாகும் என்று சொல்ல முடியாது. ஆடு உயிரோடும் நலமாகவும் இருக்கும்போதே ஊசி போட்டு வைத்தால் உண்டு. கத்தி வைத்த பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செத்த இரண்டையும் ஆறடிப் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன். ஊசி மருந்துக்கு நாலு கடிதம் எழுதினேன். ஐந்தாவது கடிதத்தில் திட்டினேன். மருந்து வந்தது.

எனக்கு என்ன அவசரம் என்றால், ஆற்றங்கரையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் ஆடி மூன்றாம் ஞாயிறு கங்கையம்மன் ஜாத்திரை, அதாவது திருவிழா. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கிடா விழும். ஊசி போட்டு ஆறு வாரம் அறுக்கக் கூடாது. வைகாசி முடிவதற்குள் போட்டுவிட்டால் நாள் சரியாக இருக்கும். ஒரு நாள் காலையில் பம்ப்செட்டுப் பக்கத்தில் கெரசின் அடுப்பை மூட்டி ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். ஊரே ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தது. அதிசயமாக அன்றைக்கு யாரும் முரண்டு பிடிக்கவில்லை. எழுபது ஆட்டுக்கும் போட்டு முடித்துவிட்டேன்.

எழுபத்தோராவதுதான் எல்லம்மாவின் கிடா.

எல்லம்மாவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் கலியன், இருபத்துமூன்று வயது, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இரும்புப் பட்டறை ஒன்றில் டெம்பரரி வேலை. அவளுக்கு இரண்டு பெட்டை ஆடுகள், ஒரு செவலைக் கிடா. பெட்டைகளை அவளே காலைப் பிடித்துக்கொடுத்தாள். கிடாவைப் பிடிக்கப் போனேன், குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"இத்த உட்டுடு நைனா. இது அம்மனுக்கு நேர்ந்துது."

"நேர்ந்தா என்னம்மா? இது அதுக்கு நல்லதுதானே?"

"ஒடம்புல ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது நைனா. ஊனம் பட்ட கிடாவ அவ தொடமாட்டா. குட்டியா வாங்கினதுலேர்ந்து காது கூடக் குத்தல. முள்ளு கிழிச்சிடும்னு வேலியோரம் கூட உட்டதில்ல, தெரியுமா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் கலியனுக்கு அம்மை போட்டிருந்தது. கண்ணைத் திறக்காமல் ஒன்பது நாள் கிடந்தானாம். பத்தாம் நாள் இவள் கோயில் வாசலில் விழுந்து, 'என் புள்ளைய எனக்குக் குடு, அவன் உசுருக்கு ஒரு உசுரு தர்றேன்' என்று வேண்டிக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே பையன் கஞ்சி கேட்டான். அந்த நேர்த்திக்கடன்தான் இந்தக் கிடா. அதன் முகத்தில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள்.

பூசாரி சடையப்பனும் வந்து சேர்ந்துகொண்டார். "ஊசி குத்தின எடம் வீங்கும்ல கம்பவுண்டரே? வீங்கின கிடாவ நான் எப்படி அறுக்கறது?"

நான் எடுத்துச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பிளாஸ்க்கில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அடுத்த ஊரில் நாற்பது ஆடுகள் காத்துக்கிடந்தன. எழுபது போட்டாயிற்று, ஒன்றே ஒன்றுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. சனியன் பிடித்த நினைப்பு. சண்டை போட வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன்.

எல்லம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஜாத்திரைக்குக் கண்டிப்பா வந்துடணும் நைனா. உனக்குன்னு ஒரு கூறு எடுத்து வெச்சிருப்பேன்."

அன்றைக்கு இலாகா நோட்டில் 'விடுபட்டவை' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

ஆடி பிறந்தது. ஜாத்திரைக்கு முந்தின வாரம் இரண்டு நாள் நல்ல மழை. ஆற்றங்கரையில் புதுப்புல் முளைத்தது. மழைக்குப் பிறகுதான் அந்தக் கிருமி மண்ணுக்கு மேலே வரும் என்பது எனக்குத் தெரியும். ஊசி போட்டிருக்கிறோமே என்று தைரியமாக இருந்தேன். அந்த ஒன்றை நான் மறந்தே போயிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? மறந்துதான் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. கூழ் கொப்பரையைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். முதல் கிடா எல்லம்மாவுடையது. வேப்பிலை மாலை போட்டு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே பார்த்தேன். தலை தொங்கியிருந்தது. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கழுத்து மாலையில் வேப்பிலை தொங்குகிறது, ஒரு ஆடு அதைக் கடிக்காமல் நிற்குமா?

கிட்டே போய் அதன் காதைத் தொட்டேன். அனலாகச் சுட்டது.

"எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்குது?"

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து தழையே தொடல நைனா," என்றாள் எல்லம்மா, முகமெல்லாம் பூரித்துப் போய். "அவ கூப்பிட்டுகினு கீறா. அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். சில கிடா ஒரு மணி நேரம் கல்லு மாதிரி நிற்கும். குடம் குடமாக ஊற்றுவார்கள், கெஞ்சுவார்கள், வேண்டுதலில் என்ன குறை என்று அழுவார்கள். சிலுப்பாமல் கத்தி வைக்கமாட்டார்கள்.

சடையப்பன் குடத்தைத் தூக்கினார். சாய்க்கக்கூட இல்லை. கிடா தலையிலிருந்து வால் வரை நடுங்கிச் சிலுப்பியது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரன் வெறி பிடித்தவன் போல அடித்தான். சடையப்பன் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினார். "தண்ணி கூட ஊத்தலடா! தாயி தானா ஒத்துக்கினா! முப்பது வருசத்துல நான் பார்த்ததே இல்ல!"

எல்லம்மா மண்ணில் விழுந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷமான அழுகையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அது ஜுரம்!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பம்பைக்காரன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஜுரத்துல நடுங்குதய்யா அது! அடைப்பான்! வைகாசியில ஆத்தங்கரையில ரெண்டு செத்துதே, அதே சீக்கு! இத்த அறுக்காதீங்க, கறியத் தின்னாதீங்க. ஒரே ஒரு நாள் தள்ளிப்போடுங்க. நாளைக்குக் காத்தால இந்தக் கிடா உசுரோட நின்னா நானே என் கையால புடிச்சித் தர்றேன். நிக்காது. செத்துப்போயிடும்!"

அந்த 'செத்துப்போயிடும்' என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

எல்லம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் போன இடத்தில் பயம் வந்தது. சடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நேர்ந்த கிடா தானா செத்தா இன்னா அர்த்தம் தெரியுமா கம்பவுண்டரே? அவ இத்த வாங்கிக்கலன்னு அர்த்தம். உசுருக்கு உசுருன்னு சொல்லி வேண்டிகினா. கிடா வேணாம்னா அப்பறம் யார எடுத்துக்குவா?"

எல்லம்மா பக்கத்தில் நின்ற கலியனைப் பார்த்தாள். பிறகு பாய்ந்து போய் அந்தக் கிடாவைக் கட்டிக்கொண்டாள். "அறுங்கய்யா! சீக்கிரம் அறுங்க! உசுரு போறதுக்குள்ள அறுங்கய்யா!"

நான் தடுக்கச் சொன்ன வார்த்தையே கத்தியை எடுக்க வைத்தது. இதை விடக் கேவலமாக ஒருவன் தோற்க முடியுமா?

வேண்டுதல் யாருக்கோ அவனே தலையைப் பிடிக்க வேண்டும். கலியன் கிடாவின் கொம்பைப் பிடித்தான். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"டேய் கலியா, கையில இன்னாடா?"

"பட்டறையில தகடு கிழிச்சிடுச்சு சார். சும்மா கீறலு."

"நீ தொடாத. வேற யாராவது புடிக்கட்டும். சொன்னாக் கேளு!"

அவன் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். நல்ல பையன். எதிர்த்துப் பேசத் தெரியாது. "அம்மா பயந்துக்கினு கீது சார். நான் புடிக்கலன்னா அது தாங்காது." நான் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். நாலு பேர் என்னை இழுத்து வெளியே தள்ளினார்கள். மரியாதையாகத்தான் தள்ளினார்கள், சட்டை கூடக் கசங்கவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கவரைப்பேட்டை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பறந்தேன். போன் அங்கேதான். மாட்டு டாக்டர் காவடி எடுக்கத் திருத்தணிக்குப் போயிருந்தார். ரோட்டில் நின்ற ஒரு போலீஸ்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "அம்மன் கோயில்ல போயி ஆட்ட அறுக்காதேன்னு என்ன சொல்லச் சொல்றியா? என் தொப்பி கீறதும் ஒனக்குப் பேஜாரா கீதா?" என்றார் அவர். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோயிலுக்கே திரும்பி வந்தேன்.

எல்லாம் முடிந்திருந்தது. வாசல் மண்ணில் ரத்தம் தார் மாதிரி கிடந்தது, உறையவில்லை. அந்தக் கிடாவின் கறியை வழக்கப்படி பதினாலு கூறு போட்டுப் பதினாலு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. கலியன் நனைந்த கைத்துணியைப் பிழிந்து மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்கி எறிந்தேன். சோப்புப் போட்டு அவன் கையை நானே கழுவினேன். தரையில் பினாயிலைக் கொட்டினேன், சாமி வாசலில் நாற்றம் பண்ணுகிறான் என்று திட்டு வாங்கினேன். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்து நாலு வீட்டில் கறியைக் கொடுத்துவிட்டார்கள். மற்ற வீடுகளில் சிரித்தார்கள். "எம்மாம் நேரம் வேவுது பாரு சார், இதுல எந்தப் பூச்சி உசுரோட கீதுன்ற?" என்றாள் ஒரு பெண்.

எல்லம்மா சொன்ன சொல் தவறவில்லை. எனக்கென்று ஒரு கூறு, பூவரச இலையில் கட்டி வைத்திருந்தாள். அதையும் அந்த நாலு வீட்டுக் கறியையும் ஆற்றங்கரைக்கு எடுத்துப் போய்ப் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

புதன்கிழமை காலையில் கவரைப்பேட்டை பிளாட்பாரத்தில் கலியனைப் பிடித்தேன். வேலைக்குப் போகக் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தான். கையைக் காட்டச் சொன்னேன். கீறலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம். நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பு. சுற்றிலும் வீக்கம்.

"கொசு கடிச்சா மாதிரி இருந்துச்சு சார். மெய்யாலும் வலியே இல்ல."

வலி இல்லை என்று அவன் சொன்னதும் எனக்கு உறுதியாகிவிட்டது. அடைப்பான் புண் வலிக்காது.

என் பெட்டியில் மாட்டுக்குப் போடுகிற பெனிசிலின் இருந்தது. அதே மருந்துதான் அவனுக்கும். பிளாட்பாரத்திலேயே போட்டிருக்கலாம். மனுஷனுக்கு ஊசி போட எனக்கு உரிமை இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன். இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் மனசில் ஓடியது. பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு சீட்டில் நோயின் பெயரை இங்கிலீஷில் எழுதி, 'உடனே பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இப்பவே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தச் சீட்டக் காட்டு. நான் கூட வர்றேன்."

"இன்னிக்கு லீவு போட்டா பேர எடுத்துடுவாங்க சார். வர்ற மாசம் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிகினு கீறாங்க. ஷிப்டு முடிஞ்சதும் நேரா போயிடறேன். உங்க மேல சத்தியமா." சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வண்டி வந்தது. ஏறிக்கொண்டான். ஜன்னலில் கை ஆட்டினான், அந்தக் கையாலேயே.

வியாழக்கிழமை முழுக்க எனக்கு வேறு ஊரில் வேலை. வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது கை தோள் வரை வீங்கி, நெருப்பாகக் காய்ந்துகொண்டு, பாயில் கிடந்தான். எல்லம்மா வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாள். அம்மை திரும்பி வந்துவிட்டது என்றாள். நானும் இன்னொருத்தரும் அவனை ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி ரயிலேற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து என் சீட்டு விழுந்தது. டாக்டர் அதை எடுத்துப் படித்தார். என்றைக்கு எழுதியது என்று கேட்டார்.

"புதன்கிழமை," என்றேன்.

அவர் சீட்டை மடித்து என்னிடமே கொடுத்தார்.

ஜாத்திரைக்கு அடுத்த ஞாயிறு காலையில் கலியன் செத்துப்போனான். கறி தின்ற வீடுகளில் ஐந்து பேர் வயிற்றுக் கடுப்பில் விழுந்து எப்படியோ பிழைத்தார்கள். ஊசி போட்ட எழுபது ஆட்டில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு ஊசியத் தூக்கிகினு அதுங் கிட்ட வந்தியே நைனா. அப்பவே தீட்டுப் பட்டுப்போச்சு. அதான் அவ கிடாவ உட்டுட்டு எம்புள்ளைய எடுத்துகினா. ஏன் நைனா கிட்ட வந்த? நாங்க உனக்கு இன்னா பண்ணோம்?"

என் குற்றம் அதற்கு நேர் எதிரானது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கிட்டே வந்தது தப்பில்லை அம்மா, குத்தாமல் போனதுதான் தப்பு என்று அந்த இடத்தில் சொல்ல முடியுமா? நின்று வாங்கிக்கொண்டேன். அவள் அடித்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வைகாசி. எந்தக் கடிதமும் எழுதாமலே இந்தத் தடவை மருந்து சீக்கிரம் வந்துவிட்டது. பம்ப்செட்டுப் பக்கத்தில் அடுப்பை மூட்டி, ஊசிகளைக் கொதிக்க வைத்து, உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆடும் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில், "எங்குளுது அம்மனுக்கு நேர்ந்துது சார்" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டில் போன வாரம் பிறந்த குட்டியைக்கூட நேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஊரில் இருந்த ஆடு அத்தனையும் அம்மனுடையதாகிவிட்டது. சடையப்பன் என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்து, என்ன சொல்லிக் கத்துவது?

பதினோரு மணி வெயிலில் அடுப்பை அணைத்தேன். பிளாஸ்க்கில் ஐஸ் பாதி கரைந்துவிட்டது. பெட்டியை மூடும்போது நிழல் விழுந்தது. எல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். கையில் ஒரு பெட்டைக் குட்டி.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இதுக்குப் போடு நைனா. இது நேர்ந்துது இல்ல. நேர்ந்துக்க இனிமே எனக்கு யாரு கீறா?"

உட்கார்ந்து குட்டியின் காலை அவளே பிடித்துக்கொண்டாள். குட்டி உதறியதில் ஊசி ஒரு தடவை தவறி, மறுபடி ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. எல்லம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.